கருமண் தேசம் – 23: பெட்டி மூடியும் ஆற்றுக் கல்லும்

சென்ற அத்தியாயம் 1937 ஜூலை 13இல் நின்றது. அன்று உக்ரைனின் கீவ் நகரில் மூன்று ஓவியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்: மிஹைலோ போய்ச்சூக், அவருடைய மாணவர்கள் இவான் படால்கா, வசில் செட்லியார். அதே ஆண்டு டிசம்பரில் போய்ச்சூக்கின் மனைவியும் ஓவியருமான சோபியா நலெபின்ஸ்காவும் சுடப்பட்டார். ஆளைக் கொன்றதோடு சோவியத் அரசு நிற்கவில்லை. கீவின் லுட்ஸ்க் படைவீட்டில், ஒடெசாவின் விவசாயிகள் ஓய்வில்லத்தில், கார்கிவின் நாடக அரங்கில் போய்ச்சூக்கும் மாணவர்களும் தீட்டிய சுவரோவியங்களும் அழிக்கப்பட்டன.

சுவரிலிருந்து கழற்றக்கூடிய படங்களுக்கு வேறு விதி. ‘மக்கள் விரோதிகள்’ வரைந்தவை என்று முத்திரை குத்தி, கீவ் அருங்காட்சியகத்தின் ரகசியக் காப்பறை ஒன்றில் அவற்றைக் குவித்தார்கள். கலைமதிப்பு பூஜ்ஜியம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அடுத்த உத்தரவு வந்தால் அடுப்புக்குப் போக வேண்டியவை. அந்த உத்தரவு நிறைவேறாமல் காலம் கடந்தது. உருளைகளில் சுற்றிவைத்த படங்களை அருங்காட்சியக ஊழியர்கள் பல பத்தாண்டுகள் வெளியே காட்டாமல் பாதுகாத்தார்கள்.

இதற்குப் பின்வந்த தலைமுறை இரண்டு பாடம் படித்தது. ஒரு மக்களை அடக்க வருகிறவன் அவர்களுடைய படங்களையும் தேடி வருவான் என்பது ஒன்று. படம் வரைகிறவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவரல்ல அதை ஒளித்துவைக்கிறவர் என்பது மற்றொன்று. 2014 முதல் நடந்துவரும் போரில் உக்ரைனியர்கள் செய்த கலையை இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

இடையில் ஒரு பெயர்

1937க்கும் 2014க்கும் நடுவே ஒருவரைச் சொல்லாமல் கடக்க முடியாது. அல்லா ஹோர்ஸ்கா, 1929இல் பிறந்தவர். பதிகல் ஓவியங்களும் வண்ணக் கண்ணாடி ஓவியங்களும் செய்தவர். 1962இல் கவிஞர் வசில் சிமொனென்கோ, நாடக இயக்குநர் லெஸ் தன்யூக் ஆகியோருடன் கீவை ஒட்டிய பிகிவ்னியா காட்டுக்குப் போய், ஸ்டாலின் காலத்தில் சுடப்பட்டவர்களின் சவக்குழிகள் அங்கே இருப்பதைக் கண்டார். நகர நிர்வாகத்துக்கு எழுதியும் கொடுத்தார்கள். 1964இல் கீவ் பல்கலைக்கழகத்துக்காக அவரும் நண்பர்களும் செய்த, கவிஞர் ஷெவ்சென்கோவைச் சித்திரித்த வண்ணக் கண்ணாடி ஓவியம் திறப்பு விழாவுக்கு முன்பே நொறுக்கப்பட்டது. 1970 நவம்பர் 28 அன்று வசில்கிவ் நகரில் ஹோர்ஸ்கா கொல்லப்பட்டார்.

அவர் 1967இல் தோழர்களுடன் சேர்ந்து மரியுபோல் நகர உணவகம் ஒன்றில் இரண்டு பெரிய பதிகல் ஓவியங்களைச் செய்திருந்தார். ஒன்று ‘வாழ்வின் மரம்’, மற்றொன்று வல்லூறு வகைப் பறவை ஒன்று. 2022இல் ரஷ்யப் படை மரியுபோலைத் தரைமட்டமாக்கியபோது இவையும் சேதமடைந்தன. கலைஞர் கொல்லப்பட்டு 52 ஆண்டுக்குப் பிறகு அவர் படைப்புக்கும் குண்டு வந்து சேர்ந்தது.

குண்டுப் பெட்டியின் மூடி

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அடுத்த மாதமே கிழக்கே டொன்பாஸ் பகுதியில் சண்டை மூண்டது. அப்போது உக்ரைன் ராணுவம் பலவீனமாக இருந்தது. ஊர்ஊராகத் தன்னார்வப் படைகள் கிளம்பின. அப்படி ஒரு படைப்பிரிவின் முகாமில் காலியாகக் கிடந்த குண்டுப் பெட்டிகளை ஓவியர் ஒலெக்சாந்தர் கிளிமென்கோ பார்த்தார். பைன் பலகைகளைச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடித்த மூடிகள். ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் புனிதர்களின் திருவுருவம் தீட்டப் பயன்படும் பழைய பலகையின் அமைப்பும் ஏறத்தாழ அதுவே.

கிளிமென்கோவும் அவர் மனைவி சோபியா அத்லாந்தோவாவும் அந்த மூடிகளை வாங்கிவந்து மேரியையும் கிறிஸ்துவையும் தேவதூதர்களையும் வரையத் தொடங்கினார்கள். பலகையைச் செப்பனிட்டு அழகாக்கவில்லை. கொண்டியும் ஆணித் துளையும் கீறலும் இருந்தபடியே இருக்க, நடுவில் பொன்வளையத்தோடு ஒரு முகம். போர்முனையில் குண்டு சுமந்த பலகை என்பதைப் பார்க்கிறவர் ஒரு கணமும் மறக்க வழியில்லை.

படங்கள் பல நாடுகளில் காட்சிக்குப் போயின, விற்றன. கிடைத்த பணம் ‘பிரொஹோவ் முதல் தன்னார்வ நடமாடும் மருத்துவமனை’க்குப் போனது. தாங்களாக முன்வந்த மருத்துவர்களைப் போர்முனைக்கு அருகே சுழற்சி முறையில் அனுப்பும் அமைப்பு அது. பெட்டியில் வந்த குண்டு ஒருவரைக் காயப்படுத்தும். பெட்டியின் மூடி இன்னொருவரின் காயத்துக்குக் கட்டுப்போடும். இந்தக் கணக்கைத்தான் இருவரும் வரைந்தார்கள்.

இந்தப் போரின் கலைக்கு ஒரு குணம் அப்போதே அமைந்துவிட்டது. போர் முடியட்டும், சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் வைப்போம் என்று யாரும் காத்திருக்கவில்லை. போர் எதைக் கையில் கொடுத்ததோ அதிலேயே வேலையைத் தொடங்கினார்கள்.

கல்லறையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு

அலெவ்தினா காஹிட்ஸேவின் கைக்குக் கிடைத்தது பலகைகூட இல்லை, தொலைபேசியில் வந்த ஒரு குரல். 1973இல் டொனெட்ஸ்க் பகுதியின் ஜ்தானிவ்கா ஊரில் பிறந்த ஓவியர் அவர். கீவுக்கு அருகே முசிச்சி கிராமத்தில் வசிக்கிறார். 2014இல் ஜ்தானிவ்கா பிரிவினைவாதிகளின் கைக்குப் போனது. அங்கே தனியாக இருந்த தாய் ஊரைவிட்டு வர மறுத்தார். வீடும் தோட்டமும் அங்கே இருந்தன.

தாய் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர். குழந்தைகள் அவருக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் பெயரை வைத்து அழைத்தார்கள். மகள் தன் படங்களிலும் அவரை அந்தச் செல்லப் பெயராலேயே குறித்தார். ஊரில் அலைபேசிக்குத் தொடர்பு கிடைத்த இடம் கல்லறைத் தோட்டம். ஆகவே மகளோடு பேச வேண்டும் என்றால் கல்லறைக்குப் போக வேண்டும். ஊரே அங்கு போய்த்தான் பேசியது.

அம்மா சொன்னதையெல்லாம் மகள் கோட்டுப் படமாகக் குறித்துவைத்தார். கடையில் என்ன கிடைக்கிறது, எங்கே குண்டு விழுந்தது, எந்த அண்டை வீட்டார் எந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா. குழந்தை கிறுக்கியது போன்ற கோடுகள், நடுநடுவே கையெழுத்தில் பேச்சு. தளபதிகளும் வரைபடங்களும் இல்லாத இந்தப் போர் வரலாறு ஐந்தாண்டுக்கு நெருங்கி நீண்டது.

ஆக்கிரமிப்புப் பகுதியில் இருந்த முதியவர்கள் உக்ரைன் அரசின் ஓய்வூதியம் பெற எல்லைக்கோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்துபோக வேண்டியிருந்தது. சோதனைச் சாவடிகளில் மணிக்கணக்கில் வரிசை. 2019 ஜனவரியில் அப்படிக் கடந்துகொண்டிருந்தபோது சாவடியிலேயே அந்தத் தாய் உயிர்விட்டார். உலகம் அப்போது டொன்பாஸை ‘உறைந்த போர்’ என்று அழைத்துக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் வரிசையில் நின்ற முதியவர்களுக்கு அது உறைந்திருக்கவில்லை என்பதற்கு இந்தக் கோட்டுப் படங்களே சான்று.

எழுபத்தெட்டுப் புனல்கள்

2022 பிப்ரவரி 24 விடியற்காலை முழுப் படையெடுப்பு தொடங்கியது. அன்று மரியா லாங்கோ என்ற கண்காட்சியமைப்பாளர் கீவிலிருந்து காரில் கிளம்பினார். வண்டியில் மூன்று பெட்டிகள், அவற்றில் 78 வெண்கலப் புனல்கள். இரண்டு மாதத்தில் தொடங்கவிருந்த வெனிஸ் ஈராண்டு விழா உலகின் முக்கியமான கலைத் திருவிழாக்களில் ஒன்று. அதில் உக்ரைன் அரங்குக்காகத் தேர்வான படைப்பின் பாகங்கள் அவை. பல நாள் காரோட்டி நாட்டின் எல்லையைத் தாண்டி ஒருவழியாக ஐரோப்பாவின் மறுபக்கம் கொண்டுசேர்த்தார்.

படைப்பாளி பாவ்லோ மகோவ் அப்போது கார்கிவில் இருந்தார். குண்டுகள் விழத் தொடங்கியதும் நகரின் நிலத்தடிக் கலைமையம் ஒன்றில் குடும்பத்தோடு ஒதுங்கினார். காட்சிக்கூடம் பதுங்குகுழி ஆனது. சில நாள் கழித்துத் தொண்ணூறு தாண்டிய தாயை அழைத்துக்கொண்டு வெளியேறினார். ஏப்ரல் 23இல் விழா திறந்தபோது வெனிஸில் அவருடைய ‘களைப்பின் நீரூற்று’ ஓடிக்கொண்டிருந்தது.

அமைப்பு எளிமையானது. உச்சியில் ஒரு புனல், அடுத்த வரிசையில் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று 12 வரிசை. ஒவ்வொரு புனலுக்கும் இரண்டு வாய். மேலே ஊற்றும் தண்ணீர் பிரிந்து பிரிந்து இறங்கி, அடி வரிசைக்கு வரும்போது சொட்டாகிவிடுகிறது.

பார்த்தவர்கள் போரால் களைத்த நாட்டின் சித்திரம் இது என்றார்கள். ஆனால் மகோவ் இதை யோசித்தது 1995இல். சோவியத் ஒன்றியம் உடைந்து, பழைய ஏற்பாடுகள் நொறுங்கி, கார்கிவ் மக்கள் தண்ணீருக்குத் தவித்த காலம். ஊரும் நம்பிக்கையும் வற்றுவதைச் சொல்ல நினைத்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு காகிதத்திலும் சிறு மாதிரிகளிலும் இருந்த எண்ணத்துக்கு முழு உருவம் கிடைத்தபோது நாட்டின் மீது படை வந்துவிட்டது.

‘போர்க் கலை’ என்று நாம் சுலபமாகப் பெயர் வைப்பதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. பல படைப்புகள் போருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. போர் அவற்றைத் தேடி வந்தது. மரியா பிரிமசென்கோவின் கதையும் அப்படித்தான்.

இவான்கிவ் தீ

கீவுக்கு வடமேற்கே உள்ள இவான்கிவ் சிற்றூரின் அருங்காட்சியகம் படையெடுப்பின் முதல் நாட்களிலேயே குண்டுபட்டு எரிந்தது. பக்கத்துக் கிராமமான பொலொட்னியாவில் 1909இல் பிறந்த பிரிமசென்கோவின் படங்கள் அதில் இருந்தன. பள்ளியில் ஓவியம் கற்காதவர். சிறுவயதில் போலியோ தாக்கியவர். கற்பனை மிருகங்கள், பூக்கள், பறவைகள் என்று வரைந்த படங்கள் 1937ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சி வரை போயின. அதாவது போய்ச்சூக் சுடப்பட்ட அதே ஆண்டு. கிராமத்துப் பெண்ணின் பூக்களை உலகுக்குக் காட்டிய அரசு, நாட்டார் கலையிலிருந்து புதிய ஓவியமொழி செய்தவரைச் சுட்டது. இந்த முரணைச் சென்ற அத்தியாயத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் அவருடைய துணைவரைப் பறித்தது. செர்னோபில் அணு உலை 1986இல் வெடித்தபோது அவருடைய கிராமம் அதற்குச் சற்றுத் தொலைவில்தான் இருந்தது. அதையும் வரைந்தார். 1997இல் காலமானார்.

அருங்காட்சியகம் எரிகிறது என்றதும் படங்கள் எல்லாம் போயின என்றே முதல் செய்தி வந்தது. உண்மையில் ஊர்க்காரர்கள் தீக்குள் புகுந்து பத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். ஊர் ஆக்கிரமிப்பில் இருந்த வாரங்களில் படங்கள் இருக்குமிடம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். 1937இன் காப்பறை ஊழியர்கள் செய்ததை இம்முறை சாதாரண ஊர்மக்கள் செய்தார்கள்.

2022 மே மாதம் பிரிமசென்கோவின் செர்னோபில் படங்களில் ஒன்று, நான்காம் அணு உலையைச் சுற்றிப் பூக்கள் முளைத்திருப்பதைக் காட்டுவது, அறக்கொடை ஏலத்தில் 5 லட்சம் டாலருக்குப் போனது. பணம் ராணுவத்துக்கு உதவும் நிதிக்குச் சேர்ந்தது. அவர் வரைந்து புகழ்பெற்ற சமாதானப் புறாவும் அந்த மாதங்களில் உலக நகரங்களின் ஊர்வலங்களில் பதாகையாகப் பறந்தது.

கல் ரொட்டி

படையெடுப்பு தொடங்கியபோது ஜான்னா கதிரோவா கீவைவிட்டு மேற்கே கார்பாத்திய மலைப்பகுதியின் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். 1981இல் பிறந்த சிற்பி. ஓடுகளும் சிமெண்டும் வைத்துப் பெரிய உருவங்கள் செய்து பெயரெடுத்தவர். மலைக் கிராமத்தில் கருவிகளும் இல்லை, பொருளும் இல்லை. முதலில் கலையால் என்ன பயன் என்ற கேள்வியே அவரைப் பிடித்துக்கொண்டது. படை வீரர்களும் மருத்துவர்களும் வேலை செய்யும்போது சிற்பிக்கு என்ன வேலை?

பதில் ஓடையில் கிடந்தது. மலையாறு உருட்டி வழவழப்பாக்கிய கற்கள். உக்ரைனியர் வீட்டில் சுடும் உருண்டை ரொட்டியின் அதே வடிவம். கற்களை எடுத்துவந்து துண்டு போட்டு, வெட்டிய ரொட்டி போல மேசையில் துணி விரித்து அடுக்கினார். விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்பது அங்கே தொன்றுதொட்ட வழக்கம். இந்த மேசையின் ரொட்டியைக் கடித்தால் பல்தான் உடையும். அழையாமல் வந்தவனுக்கான விருந்து என்று படித்தாலும் சரி, பஞ்சம் கண்ட மக்களின் நினைவு என்று படித்தாலும் சரி. 1932–33 பெரும் பஞ்சத்தை இத்தொடரில் விரிவாகப் பார்த்திருக்கிறோம். கருமண் விளைந்த நாட்டில் ரொட்டி எப்போதும் வெறும் ரொட்டியாக இருந்ததில்லை.

கல் ரொட்டிகள் அந்த ஆண்டே வெனிஸிலும் பிற நகரங்களிலும் காட்சிக்கு வந்தன. விற்ற பணம் நாட்டுக்குள் இருந்தவர்களுக்குப் போனது. சிற்பிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை இப்படி இரண்டு பங்காக இருந்தது.

வேறு சிலருக்குக் கையில் மிஞ்சியது தம் உடம்பு மட்டும். கிரிவிய் ரிஹ் நகர இளம் ஓவியர் மார்கரிட்டா பொலொவின்கோ தன் ரத்தத்தைத் தொட்டே காகிதத்தில் வரைந்தார். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். 2025 ஏப்ரலில் போர்முனையில் இறந்தார்.

மண்ணுக்குள் ஒரு நாட்குறிப்பு

இழப்பைப் பதிவு செய்தவர்களே இழப்பாக மாறியதுதான் இந்த அத்தியாயத்தின் கனமான பகுதி.

லியுபோவ் பன்சென்கோ, ஹோர்ஸ்காவின் தலைமுறையைச் சேர்ந்தவர். 1938இல் பிறந்தவர். கோட்டுத் துணித் துண்டுகளை ஒட்டி ஓவியம் செய்தவர். சோவியத் காலம் அவரைக் கண்டுகொள்ளாமல் ஒதுக்கியது. கீவை ஒட்டிய புச்சா நகரில் தனியாக வாழ்ந்தார். 2022 மார்ச்சில் ரஷ்யப் படை புச்சாவைப் பிடித்திருந்த ஒரு மாதம் அவர் பட்டினி கிடந்தார். மீட்டு மருத்துவமனையில் சேர்த்தும் ஏப்ரல் 30 அன்று இறந்தார். வயது 84.

கார்கிவ் மாநிலத்தில் இசியும் நகருக்கு அருகே கபிடொலிவ்கா என்ற சிற்றூர். அங்கே வொலொதிமிர் வகுலென்கோ என்ற எழுத்தாளர் இருந்தார். குழந்தைகளுக்கான நூல்கள் எழுதியவர். ஆக்கிரமிப்பு நாட்களில் கண்டதைக் கையெழுத்தில் குறித்து வந்தார். தன்னைப் பிடித்துப் போவார்கள் என்று உணர்ந்ததும் தாள்களைச் சுற்றித் தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்தார். மார்ச் 24 அன்று அவரைக் கொண்டுபோனார்கள். இசியும் விடுபட்ட பிறகு, காட்டில் நூற்றுக்கணக்கில் தோண்டியெடுத்த சடலங்களில் 319ஆம் எண் குழியில் இருந்தது அவருடையது என்று நவம்பர் இறுதியில் மரபணுச் சோதனை உறுதி செய்தது.

நாட்குறிப்பைத் தோண்டியெடுத்தவர் நாவலாசிரியர் விக்டோரியா அமெலினா. போர் தொடங்கியதும் கதை எழுதுவதை நிறுத்திவிட்டு, போர்க் குற்றங்களைப் பதிவு செய்யும் குழுவில் பயிற்சி பெற்று ஊர்ஊராகச் சென்றவர். 2022 செப்டம்பர் 24 அன்று வகுலென்கோவின் தந்தையோடு மரத்தடியைத் தோண்டினார். தாள்களைக் கார்கிவ் இலக்கிய அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். அது நூலாக வந்தது, அமெலினாவின் முன்னுரையோடு. 2023 ஜூனில் கீவ் புத்தகத் திருவிழாவில் வெளியீடு நடந்தது.

அதே மாதம் 27ஆம் தேதி கிராமடோர்ஸ்க் நகரில் கொலம்பிய எழுத்தாளர்களோடு அமெலினா உணவகத்தில் அமர்ந்திருந்தார். ஏவுகணை விழுந்தது. அமெலினாவையும் சேர்த்து 13 பேர் இறந்தனர். படுகாயமடைந்த அமெலினா ஜூலை 1 அன்று உயிர்விட்டார். வயது 37. ஜூலை 1 வகுலென்கோவின் பிறந்தநாள். அமெலினா முடிக்காமல் விட்ட நூல், போரைப் பதிவு செய்த பெண்களைப் பற்றியது, அவர் இறந்த பிறகு வெளியாகி 2025இல் ஆர்வெல் பரிசு பெற்றது.

கெர்சனும் எதிர்க்கரையும்

கெர்சன் நகரக் கலை அருங்காட்சியகம் ஆக்கிரமிப்பில் எட்டு மாதம் தாக்குப்பிடித்தது. கட்டடம் செப்பனிடும் வேலையில் இருந்ததால் படங்களை ஏற்கெனவே வெளியூர் அனுப்பிவிட்டோம் என்று ஊழியர்கள் சாதித்தார்கள். படங்கள் உள்ளேயேதான் இருந்தன. பின்னர் காட்டிக்கொடுப்பு நடந்தது. 2022 அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை லாரிகள் வந்து 10,000க்கு மேற்பட்ட பொருள்களைக் கிரிமியாவின் சிம்பெரோபோலுக்கு அள்ளிச் சென்றன. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11இல் உக்ரைன் படை நகருக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து ஊழியர்களின் வேலை, கிரிமியாவிலிருந்து கசியும் படங்களையும் காணொளிகளையும் உற்றுப் பார்த்து, இது நம்முடையது, இதுவும் நம்முடையது என்று அடையாளம் காண்பது.

கெர்சனை ஒட்டி ஓடும் நதிக்கு எதிர்க்கரையில் ஒலெஷ்கி நகர். அங்கே பொலினா ரைகோவின் வீடு. 1928இல் பிறந்த விவசாயத் தொழிலாளி. 1994இல் மகள் சாலை விபத்தில் இறந்தார், அடுத்த ஆண்டு கணவர் போனார், மகன் சிறைக்குப் போய்ப் பின்னர் இறந்தார். அதுவரை தூரிகையைத் தொடாதவர், 69 வயதில் ஓய்வூதியக் காசில் மலிவான எனாமல் பெயிண்ட் வாங்கி வீட்டுச் சுவரில் வரைய ஆரம்பித்தார். கதவுக்கும் கேட்டுக்கும் அடிக்கிற பெயிண்ட். சுவர், மேற்கூரை, வாயில் என்று இடம் விடவில்லை: பறவைகள், தேவதைகள், ஏசு, இறந்த உறவினர்கள், ஆற்றங்கரைச் செடிகொடிகள். 2004இல் அவர் இறக்கும்வரை வீடே ஓவியமாகிவிட்டது.

2023 ஜூன் 6 அன்று, ரஷ்யப் படையின் கட்டுப்பாட்டில் இருந்த ககோவ்கா அணை தகர்க்கப்பட்டது. ஒலெஷ்கி மூழ்கியது. ரைகோவின் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்து சுவரோவியங்களைச் சிதைத்தது. படங்களைப் பெட்டியில் அடுக்கலாம், காரில் ஏற்றலாம். சுவரை எங்கே ஒளிப்பது? போய்ச்சூக்கின் சுவர்களுக்கு 1930களில் நேர்ந்தது இதுவே.

யுனெஸ்கோ சரிபார்த்த கணக்கின்படி, 2025க்குள் போரில் சேதமடைந்த பண்பாட்டு இடங்கள் 500ஐத் தாண்டிவிட்டன.

நூறு ஏவுகணைகளுக்கு நடுவே இரண்டு லாரிகள்

2022 நவம்பர் 15. அன்று ஒரே நாளில் ஏறத்தாழ நூறு ஏவுகணைகள் உக்ரைன்மீது பாய்ந்தன. அன்றுதான் கீவிலிருந்து ஓவியங்களோடு லாரிகள் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. எல்லைக்கு அப்பால் போலந்து கிராமம் ஒன்றில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்ததால் எல்லையில் பதற்றம், வண்டிகள் சற்று நின்றன. பிறகு விட்டார்கள். மாத இறுதியில் மாட்ரிட் நகரின் தைசன்-போர்னமிசா அருங்காட்சியகத்தில் அவை தொங்கின. 1900 முதல் 1930கள் வரையான உக்ரைனிய நவீன ஓவியத்தின் கண்காட்சி. அது பிறகு கொலோன், பிரஸ்ஸல்ஸ், வியன்னா, 2024இல் லண்டன் வரை போனது.

அதில் போய்ச்சூக் பள்ளியின் ஓவியங்களும் இருந்தன. பதிவேட்டில் பூஜ்ஜியம் வாங்கிய தலைமுறை, 85 ஆண்டு கழித்து ஐரோப்பியத் தலைநகரங்களின் சுவர் ஏறியது. ‘ரஷ்ய முன்னணிக் கலை’ என்ற பெட்டிக்குள் இந்த ஓவியர்களைப் போட்டுவந்த மேற்கத்திய அருங்காட்சியகங்கள் சில, பெயர்ப்பலகைகளைத் திருத்த ஆரம்பித்தன. காலங்கடந்த நீதி. அதை வாங்கித் தந்தது ஒரு போர் என்பது கசப்பு.

திருப்பிச் சொல்லுங்கள்

2024 வெனிஸ் விழாவில் போலந்து தன் அரங்கை உக்ரைனியர்களுக்குக் கொடுத்தது. ‘ஓப்பன் குரூப்’ என்ற மூவர் குழு அங்கே இரண்டு காணொளிகளைக் காட்டியது. முதலாவது 2022இல் லிவிவ் அருகே இடம்பெயர்ந்தோர் முகாமில் எடுத்தது. இரண்டாவது, வெளிநாடுகளுக்குச் சிதறியவர்களிடம் பின்னர் எடுத்தது. ஒவ்வொருவராகக் கேமரா முன் வந்து தான் கேட்ட ஆயுதத்தின் ஓசையை வாயால் எழுப்புகிறார். பீரங்கி, ஏவுகணை, வான் தாக்குதல் சைரன். பிறகு, என்னோடு திருப்பிச் சொல்லுங்கள் என்கிறார். எதிரே ஒலிவாங்கிகள். கரோக்கே பாட்டுக்கு வரி ஓடுவது போலத் திரையில் அந்த ஓசை எழுத்தாக ஓடுகிறது.

பார்வையாளர்கள் சிலர் திருப்பிச் சொன்னார்கள், சிலரால் முடியவில்லை. இந்த ஓசைகளைத் தெரிந்துவைத்திருப்பது உக்ரைனில் உயிர் பிழைக்கும் அறிவு. எது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, ஓடுவதா படுப்பதா என்று காதுதான் சொல்லும். வெனிஸில் ஒலிவாங்கி முன் நின்றவர் ஒரு நிமிடம் அந்த அறிவை வாயில் போட்டுப் பார்த்தார்.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒரு கேள்வி நியாயமாகவே எழும். பணம் திரட்ட, சான்று சேர்க்க, உலகத்தின் கவனத்தை இழுக்க என்று இவ்வளவு வேலை சுமந்தால் கலை தாங்குமா? எல்லாம் தாங்காது. முதல் மாதங்களின் சுவரொட்டிகளில் பாதி இப்போதே பழசாகிவிட்டன. ஆனால் காஹிட்ஸேவின் கோட்டுப் படங்களும் மகோவின் நீரூற்றும் ரைகோவின் வீடும் அந்த வகை அல்ல. அவை ஆத்திரத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரு தாயின் பேச்சிலிருந்து, வற்றிய ஊரிலிருந்து, வெறுமையான வீட்டிலிருந்து தொடங்கின. போர் அவற்றுக்கு வேறொரு பொருளைச் சேர்த்தது, அவ்வளவே. என் கணிப்பில், இந்தப் போரின் கலை என்று நாளை நிற்கப்போவது எதிரியை வரைந்த படங்கள் அல்ல, இழந்தவரைப் பெயரும் முகமும் குரலுமாகக் குறித்துவைத்த படைப்புகளே.

ஓவியத்தை இத்தோடு நிறுத்தி அடுத்த அத்தியாயத்தில் இசைக்குப் போவோம். 1919இல் உக்ரைனிலிருந்து கிளம்பிய பாடற்குழு ஒன்று, 1922 அக்டோபர் 5 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ‘ஷெட்ரிக்’ என்ற புத்தாண்டுப் பாடலைப் பாடியது. இன்று உலகமே கிறிஸ்துமஸ் பாட்டாக அதைக் கேட்கிறது. அதை இசைக்கோவை ஆக்கிய மிகோலா லியோந்தோவிச் அந்த மாலைக்கு முன்பே, 1921 ஜனவரி 23 அன்று, சோவியத் ரகசியக் காவல்துறை ஆள் ஒருவனால் தன் தந்தையின் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.